கம்பு ஊன்றாமல் படகை மூடிய கதை

பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்குச் சொந்தமாக ஒரு படகு இருக்கிறது என்று சொன்னால் வெளியூர் உறவினர்கள் சிரிப்பார்கள். கடல் எங்கே, பெருங்களத்தூர் எங்கே என்பார்கள். 2015-ஐப் பார்த்தவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வருடம் நவம்பர் நடுவிலேயே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரைக்குமான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. ஆனால் அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவது நமக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். நம்மை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர். பழைய பெருங்களத்தூரில் முடிச்சூர் பக்கமாக இருக்கும் எங்கள் தெரு கொஞ்சம் பள்ளம். மாடியில் நின்றுகொண்டு படகு வருமா, வருமா என்று ஒன்றரை நாள் பார்த்தோம். வந்த படகு மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது.

அதனால் 2016 கோடையில் வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு, பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினோம். பதினான்கு அடி நீளம், ஐந்தடி அகலம். இன்ஜின் கிடையாது, துடுப்புதான். தெரு முனையில் இருந்த காலி மனையில் வைத்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், வீட்டிலேயே இருப்பவன் என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் படகைக் கவிழ்த்து வைத்தோம். மழை பற்றிய கவலையே இல்லை. அந்த டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் தெருவில் ஏழு மரங்கள் விழுந்தன. படகு அசையவில்லை. ஆனால் புயல் முடிந்து நிமிர்த்திப் பார்த்தால் அடியில் ஒரு சாரைப்பாம்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பாம்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிமிர்த்த எட்டுப் பேர் வேண்டியிருந்தது. நடுராத்திரியில் தண்ணீர் வந்தால், அறுபதைத் தாண்டியவர்கள் நிறைந்த தெருவில் எட்டுப் பேரை எங்கே தேடுவது? அதோடு துடுப்பு, கயிறு, மிதவைச் சட்டைகள் எல்லாம் தனியாக ஒரு வீட்டில் கிடக்கும், அந்த வீட்டுக்காரர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே நிமிர்த்தி, சாமான்களை உள்ளேயே வைத்து, மேலே நீல நிறத் தார்ப்பாய் போட்டு மூடுவது என்று முடிவு செய்தோம்.

மூடுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் பின்னால் விலை கொடுத்தோம்.

திறந்த படகின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால், கட்டிய அன்று தண்டோரா போல விறைப்பாக இருக்கும். நாலு நாள் வெயிலில் அது நெகிழும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும். முதல் மழையில் அந்தப் பள்ளத்தில் ஒரு சொம்பு தண்ணீர் நிற்கும். அந்த ஒரு சொம்பின் கனம் பள்ளத்தைப் பெரிதாக்கும், பெரிய பள்ளம் ஒரு குடம் பிடிக்கும், குடம் அதை அண்டாவாக்கும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் அது நூறு லிட்டர், அதாவது நூறு கிலோ. ஒரு அரிசி மூட்டையைவிட அதிகம். அதைத் தாங்குவது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. போதாததற்கு, தேங்கின நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டை இடும்.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். சவுக்குக் கம்பு மூன்று வாங்கி, படகுக்குள் நட்டநடுவே ஊன்றி, நுனியில் துணிப்பந்து சுற்றி, அதன் மேல் தார்ப்பாயைப் போட்டேன். பார்க்கச் சின்ன சர்க்கஸ் கூடாரம் போல இருந்தது. தெருவே பாராட்டியது.

கம்பின் குறை என்னவென்றால், மொத்த பாரமும் ஒரு புள்ளியில் வந்து நிற்கிறது. மேலே அந்தப் புள்ளியில் தார்ப்பாய் தேய்கிறது, கீழே கம்பின் அடி ஃபைபர் தரையைக் குத்துகிறது. காற்றடித்தால் தார்ப்பாய் ஒரு கணம் மேலே எழும்பும். அந்தக் கணத்தில் கம்புக்குப் பிடிமானம் இல்லை, சாய்ந்துவிடும். தார்ப்பாய் திரும்ப இறங்கும்போது அங்கே கூடாரம் இல்லை, குளம்தான். இது நடப்பதும் பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில். இதில் எங்கள் தெருப் பையன்களின் பங்கும் உண்டு. கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் காணவில்லை என்றால் அவர்கள் கைக்கு முதலில் கிடைப்பது படகுக்குள் இருக்கும் மூன்று கம்புகள்தான். கேட்டால், "ஆட்டம் முடிஞ்சதும் வெச்சிடுறோம் அங்கிள்" என்பார்கள். வைக்கவும் செய்வார்கள், சில நாள் இரண்டை.

நாலு வருடம் இப்படியே ஓடியது. படகை எடுக்க வேண்டிய தேவை வராததால் என் வேலை சரியாக இருப்பதாக நானே நம்பிக்கொண்டேன். பிறகு 2021 நவம்பர் வந்தது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஹெச்.எம். சார்'. அந்த வருடம் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலோடு இருந்தார். வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும். விடியற்காலை மூன்றரைக்கு அந்த அம்மா போன் செய்தார். "அண்ணா, தண்ணி உள்ள வந்துடுச்சு. கட்டில் கால் பாதி முழுகிப் போச்சு. இவரை என்னால தூக்க முடியாது. படகை எடுத்துட்டு வாங்கண்ணா."

முழங்கால் தண்ணீரில் நான்கு பேர் டார்ச் அடித்துக்கொண்டு காலி மனைக்குப் போனோம். கம்பு மூன்றும் சாய்ந்திருந்தன. ஒன்று தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிழிசல் வழியாக இரவு முழுவதும் பெய்த மழை படகுக்குள் இறங்கி, பலகை மட்டம் வரை நிரம்பி, துடுப்புகள் உள்ளேயே மிதந்தன. தரையில் கட்டிய தொட்டி போலப் படகு உட்கார்ந்திருந்தது. அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டையும் அதற்கு மூடியும் உண்டு. மூடியைக் கழற்றலாம் என்று ஒருவர் குனிந்தார். கழற்றி என்ன பயன்? வெளியேயும் தண்ணீர்தான் நிற்கிறது. கழற்ற வேண்டிய காலம் ஒரு மாதம் முன்பே போய்விட்டது.

பக்கெட்டில் மொண்டு ஊற்றினோம். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நான் கடிகாரம் பார்த்தேன், அதனால் தெரியும். படகு மிதந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெத்தையைத் தாண்டித் தண்ணீர் நின்றது. அந்த அம்மா கணவரின் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். இடுப்பு வரை ஈரத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்களோ, நான் கேட்கவில்லை. படகில் ஏற்றும்போது ஹெச்.எம். சார் பல் கிட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஏம்ப்பா, படகைக் காப்பாத்தவே ஒரு படகு வேண்டியிருந்துச்சாமே?"

சளி நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்து வந்தார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு கம்பே வேண்டாம் என்று தீர்மானித்தேன். கம்பு இல்லாமல் தார்ப்பாயை நடுவில் எப்படித் தூக்கி நிறுத்துவது? முதலில் கயிறு. காலி மனையின் வேப்பமரத்துக்கும் எதிர்ச் சுவரில் அடித்த கொக்கிக்கும் நடுவே, படகுக்கு மேலாக, கொடிக்கயிறு போல ஒன்றைக் கட்டி அதன் மேல் தார்ப்பாயைப் போட்டேன். கூரை போல இரண்டு பக்கமும் சரிந்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மரம் ஆடும், சுவர் ஆடாது. காற்றில் மரம் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தால் கயிறு தளர்ந்துவிடும். நைலான் கயிறு வேறு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். வாரம் ஒருமுறை லாரிக்காரர் முடிச்சைப் போட்டு இழுத்தேன். என் தோள்தான் வலித்தது.

அடுத்து லாரி டயர் டியூப். பஞ்சர் கடையில் பழைய டியூப் நான்கு வாங்கி, காற்றடித்துப் படகின் நடுவே அடுக்கி அதன் மேல் தார்ப்பாய். வெள்ளத்தில் மிதவையாகவும் பயன்படுமே என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஏப்ரல் வெயிலில் ஒரு டியூப் வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிலிண்டர் என்று நினைத்து வெளியே ஓடி வந்தார். மீதி மூன்றும் சத்தமில்லாமல் ஒட்டு வழியாகக் காற்றை விட்டுவிட்டுத் தட்டையாகிக் கிடந்தன. வெடித்தால்கூடத் தெரிந்துவிடும், இது தெரியவே தெரியாது.

அந்த மே மாதம் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனேன், மீனவர்களிடமே கேட்டுவிடலாம் என்று. கரையில் வரிசையாக ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் இவைதான் பிடித்துக்கொண்டன. ஒன்றுக்கும் கூரை இல்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் கதையைச் சொன்னேன். என் வயதுதான் இருக்கும். முதலில் சிரித்தார். பிறகு எழுந்து வந்து தன் படகைக் காட்டினார். அணியம், அதாவது முன்பக்கம், மணல் மேட்டில் ஏறியிருந்தது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது. அடி ஓட்டையின் மூடி கழற்றிக் கயிற்றில் தொங்கியது.

"படகுல தண்ணி வுழறது தப்பில்ல சார். போறதுக்கு வழி இல்லாததுதான் தப்பு. நாங்க வலைக்கும் இன்ஜினுக்கும் மூடுவோம், படகுக்கு எதுக்கு? நீங்க உள்ள சாமான் வெக்கிறீங்க, அதனால மூடணும். மூடுறதா இருந்தா வண்டிக்குக் கூண்டு கட்டுற மாதிரி கட்டுங்க. நட்டுக்குத்தலா எதையும் நிறுத்தாதீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என் மேலேயே கோபம். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டில் கூண்டு வண்டி இருந்தது. மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, மேலே பாய் போட்டுக் கட்டியது. அதற்குள் படுத்துக்கொண்டு மழையில் செங்கல்பட்டு வரை போயிருக்கிறேன். தலைக்கு மேலே நடுவில் ஒரு கம்பு இருந்ததில்லை. கேரளத்தில் கெட்டுவள்ளங்களுக்கும் இதே மூங்கில் வளைவுக் கூரைதான். இதெல்லாம் தெரிந்தவன்தான் நாலு வருடம் சவுக்குக் கம்பு ஊன்றினேன்.

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் மூங்கில் கூடை முடைபவர்களிடம் ஏழரை அடி நீளத்தில் ஐந்து பிளாச்சு வாங்கினேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல வளைத்து, இரண்டு நுனியையும் படகு விளிம்பின் உள்பக்கமாகச் செருகிக் கட்டினோம். வளைத்த மூங்கில் நிமிரப் பார்க்கும், அந்த வேகத்திலேயே இரண்டு பக்கமும் விளிம்பை அழுத்திக்கொண்டு நின்றுவிடுகிறது. தண்ணீரின் பாரம் மேலே விழுந்தால் அது வளைவு வழியாக இரண்டு விளிம்புக்கும் பிரிந்து போகிறது. படகின் தரையில் எதுவும் குத்துவதில்லை. நடு வளைவு உயரம், முன்னும் பின்னும் தாழ்வு. இரண்டு வளைவுக்கு நடுவில் தார்ப்பாய் தொய்ந்துவிடக்கூடாது என்று, நீளவாக்கில் மூன்று பிளாச்சுகளைக் குறுக்கே வைத்துக் கட்டினோம். இந்த நீளப் பிளாச்சை விட்டுவிட்டால் வளைவுக்கு வளைவு ஒரு குட்டை கிடைக்கும். அணியத்தைச் செங்கல் வைத்து ஒரு முழம் உயர்த்தினோம். அடி மூடியைக் கழற்றி, பொடியன்கள் தொலைத்துவிடாமல் இருக்கப் படகோடு சேர்த்துச் சங்கிலி போட்டோம். ஐப்பசி பிறந்தால் மழை எச்சரிக்கை வந்த அன்று மாலை மூடியை மாட்டுவது என் வேலை.

அந்த வருடம் டிசம்பர் 9-ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. வளைவுகள் நின்றன. ஆனால் ஓரக் கயிறு இரண்டு அறுந்து தார்ப்பாய் பாதி பறந்துவிட்டது. இறுக்கிக் கட்டினால் காற்று எங்கேயாவது பிய்க்கத்தான் செய்யும். ஆகவே அடுத்து ஓரத்துக் கண்களில் கயிறு கட்டி, ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பித் தொங்கவிட்டேன். காற்று தூக்கினால் பாட்டில் மேலே போகும், காற்று விட்டதும் பாட்டிலே தார்ப்பாயை இழுத்து விறைப்பாக்கிவிடும். நன்றாக வேலை செய்தது. ஆனால் ராத்திரி முழுக்கப் படகின் பக்கவாட்டில் டொக், டொக் என்று மோதியது. மனைக்கு அடுத்த வீட்டுக்காரர் மூன்றாம் நாள் வந்து, "சார், யாரோ கதவைத் தட்டுற மாதிரியே இருக்கு" என்றார். பாட்டிலை எடுத்துவிட்டு, சிமென்ட் சாக்கை வெட்டித் தைத்த சின்ன மணல் பைகளைக் கட்டினேன். கட்டு எல்லாம் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு. இருட்டில் முடிச்சோடு மல்லுக்கட்டின அனுபவம் போதும்.

ஹெச்.எம். சார் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். சாயந்திரம் மனைப் பக்கம் வந்து நின்று பார்ப்பார். "இது படகா, மாட்டு வண்டியாப்பா?" என்பார். 2023 பிப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவியே என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

அந்தக் கோடையில் தார்ப்பாயை மாற்றும்போது, பிளாச்சின் ஓரம் பட்டுப் பழைய தார்ப்பாய் வரிவரியாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். துணி சுற்ற வேண்டும், சாக்கு என்றால் ஈரம் பிடிக்கும், பருத்தியாக இருந்தால் நல்லது என்று தெருவில் பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த அம்மா ஒரு பையோடு வந்தார். பையில் அவருடைய எட்டு முழ வேட்டிகள், நாலு விரல் அகலத்தில் நீளமாகக் கிழித்துச் சுருட்டி வைத்தது. "போதுமா பாருங்கண்ணா" என்றார். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஐந்து வளைவிலும் சுற்றினோம். நான் இழுத்துப் பிடிக்க, அவர் நுனியை ஊசி நூலால் தைத்தார். அதிகம் பேசவில்லை. 2021-ஐப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. "அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்றார்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம். இரவு பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. இரண்டு மணிக்கு நான்கு பேர் போனோம். தார்ப்பாய் மேல் தண்ணீர் நிற்கவில்லை. சுருக்குகளை இழுத்து, தார்ப்பாயைச் சுருட்டி, நீளப் பிளாச்சை எடுத்துவிட்டு வளைவுகளை உருவினோம். நாலு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. உள்ளே கை வைத்துப் பார்த்தேன். பலகை காய்ந்திருந்தது, மிதவைச் சட்டைகள் காய்ந்திருந்தன. அன்று விடியும் வரை ஆறு நடை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரோடு பெரியவர் ஒருவர், மற்றபடி எங்களைப் போன்ற கிழங்கள். கடைசி வீட்டு அம்மாவைக் கூப்பிட்டபோது, "எங்க வீட்ல மாடிக்கு ஏறிட்டேன். அந்தப் பிள்ளையை முதல்ல பாருங்க" என்றார்.

மூங்கிலுக்கும் ஆயுள் உண்டு. இந்த வருடம் இரண்டு வளைவுகள் உளுத்துவிட்டன, தட்டினால் மாவு கொட்டுகிறது. புதுப் பிளாச்சு வாங்கி நேற்றுத்தான் தொட்டியில் ஊறப் போட்டிருக்கிறேன். அந்த அம்மாவிடம் சொன்னேன். பீரோவில் இன்னும் இரண்டு வேட்டி இருக்கிறதாம்.